கோப்பின் பெயரும் வடிகட்டியின் ஐயமும்

மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பப்படும் கோப்பின் உள்ளடக்கமும் அதன் பெயரும் தனித்தனியாக மாற்றி எழுதப்பட்டு, வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டுப் பயணம் செய்கின்றன. உள்ளடக்கத்தில் தீங்கான நிரல் ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று ஆராய்வதற்குக் கணினிக்கு நேரமும் உழைப்பும் தேவைப்படுகின்றன. பெயரைப் படிப்பதற்கோ நொடியின் மிகச் சிறு பகுதியே போதும். ஆகையால் குப்பை அஞ்சல்களைப் பிரித்து ஒதுக்கும் வடிகட்டிகள் என்னும் மென்பொருள்கள் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அதன் பெயரைப் படித்துவிடுகின்றன. பெயரில் ஐயம் எழுந்தால், உள்ளே இருப்பது எவ்வளவு தூய்மையான ஆவணமாக இருந்தாலும், அந்த அஞ்சல் பெறுபவரின் குப்பைக் கூடைக்குச் சென்றுவிடக்கூடும். சில இடங்களில் அது வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிடும். தமிழில் பெயரிடப்பட்ட கோப்புகளுக்கு இந்த இடர் ஆங்கிலப் பெயர்களைவிடக் கூடுதலாக நேர்வதற்கான காரணம் தமிழ் எழுத்துகளில் இல்லை. அவை வழியில் எவ்வாறு மாற்றி எழுதப்படுகின்றன என்பதிலேயே இருக்கிறது.

மதுரை நகருக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில், சமணர்மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள கீழக்குயில்குடி என்னும் ஊரின் பெயர் இதை விளக்குவதற்கு மிகப் பொருத்தமான சான்றாக அமைகிறது. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்களும், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகக் கொள்ளப்படுவதால், ஆய்வாளர்களும் மாணவர்களும் தொடர்ந்து இவ்வூருக்கு வருகின்றனர். 1966இல் தொடங்கப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இதன் அருகிலேயே இருக்கிறது. கல்வெட்டுப் படியையோ சிற்பத்தின் ஒளிப்படத்தையோ ஆய்வுக் கட்டுரையின் வரைவையோ ஊரின் பெயரிட்டுச் சேமித்து அஞ்சலில் இணைப்பது இயல்பான செயல். ஊராட்சி விண்ணப்பமும் பள்ளிச் சான்றிதழும் அவ்வாறே அனுப்பப்படுகின்றன. அந்தப் பெயரைத் தமிழிலேயே இட்டால் என்ன நிகழ்கிறது என்பதைக் குறி குறியாகப் பின்தொடர்ந்தால் சிக்கலின் வேர் தெளிவாகும்.

இணையத்தில் அஞ்சலைக் கொண்டுசெல்வதற்கான அடிப்படை விதிகள் 1982இல் வகுக்கப்பட்டன. அவை ஆஸ்கி எனப்படும் அமெரிக்கத் தரக் குறியீட்டை மட்டுமே ஏற்றன. அதில் ஒவ்வொரு எழுத்தும் 7 பிட்களில், அதாவது சுழியமும் ஒன்றுமாக ஏழு இலக்கங்களில், அடங்கும். மொத்தக் குறிகள் 128. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், சில கட்டளைக் குறிகள் ஆகியவற்றுக்கு அப்பால் அதில் இடமில்லை. பிற மொழி எழுத்துகளுக்கும் படம், ஒலி போன்ற இணைப்புகளுக்கும் வழி செய்த மைம் என்னும் தரத்தை நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ஆகிய இருவரும் 1992இல் வெளியிட்டனர். மைம் பழைய சாலையை இடித்துவிட்டுப் புதியதைப் போடவில்லை; உலகெங்கும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த அஞ்சல் கணினிகள் எவற்றையும் மாற்றாமல், அவற்றின் வழியே செல்லக்கூடிய ஆஸ்கி வேடத்தை எல்லாவற்றுக்கும் அணிவித்தது. அன்றைய நிலையில் அது அறிவார்ந்த தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேடத்தின் சுமை ஆங்கிலம் அல்லாத மொழிகளின்மீதே விழுந்தது.

இனி அந்தச் சுமையை அளந்து பார்க்கலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு என்னும் தரம், 1988இல் இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட இஸ்கி தரத்தைப் பின்பற்றித் தமிழ் உயிர்மெய்யை அகரமேறிய மெய்யாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்தே சேமிக்கிறது. திரையில் கீழக்குயில்குடி என்பது 8 எழுத்துகள்; யூனிகோடு கணக்கில் அது ககரம், ஈகாரக் குறி, ழகரம், ககரம், புள்ளி என்று தொடர்ந்து 15 குறிகள். யூனிகோடு எண்களைக் கணினியில் எழுதுவதற்கு இன்று பெரிதும் வழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், அதாவது 8 பிட்களும், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்களும் செலவாகின்றன. ஆகவே ஊர்ப்பெயருக்கு 45 பைட்கள். இவை எதுவும் 7 பிட்டுக்குள் அடங்குவதில்லை என்பதால் மீண்டும் ஒருமுறை ஆஸ்கிக்கு மாற்ற வேண்டும். பேஸ்64 என்னும் முறை 3 பைட்களை 4 ஆஸ்கி எழுத்துகளாக்குகிறது; அவ்வாறு எழுதினால் 60 எழுத்துகள் வரும். விழுக்காட்டு முறை என்னும் மற்றொன்று ஒவ்வொரு பைட்டையும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுதுகிறது. அதில் 135 எழுத்துகள். பின்னால் வரும் பி.டி.எஃப். நீட்டிப்பை, அதாவது கோப்பின் வகையைக் காட்டும் கடைசிப் பகுதியை, அதன் முன்புள்ள புள்ளியோடு சேர்த்தால் 139 ஆகும். கீழக்குயில்குடி சமணர்மலை கல்வெட்டு என்று மூன்று சொற்களில் பெயரிட்டாலோ, திரையில் 19 எழுத்துகளே தோன்றும் அந்தப் பெயர் நீட்டிப்போடு சேர்ந்து 298 எழுத்துகளாக நீண்டுவிடும்.

இந்த இரு முறைகளையும் எங்கே பயன்படுத்த வேண்டும் என்பதிலேயே முதல் குழப்பம் தொடங்குகிறது. அஞ்சலின் தலைப்பு வரி, அனுப்புநர் பெயர் ஆகியவற்றில் பிற மொழி எழுத்துகளை எழுதுவதற்காகக் குறியாக்கச் சொல் என்னும் வடிவம் வகுக்கப்பட்டது. சமக்குறி, வினாக்குறி, எழுத்துத் தரத்தின் பெயர், மாற்றிய முறையின் பெயர், மாற்றப்பட்ட எழுத்துகள், மீண்டும் வினாக்குறியும் சமக்குறியும் என்ற வரிசையில் அது அமையும். 1996இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2047 என்னும் தர ஆவணம் இந்த வடிவத்தைக் கோப்பின் பெயருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே விலக்குகிறது. கோப்புப் பெயருக்கான சரியான முறை, விழுக்காட்டு வடிவத்தைக் கொண்ட ஆர்.எஃப்.சி. 2231 என்னும் வேறோர் ஆவணத்தில் 1997 நவம்பரில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அஞ்சல் மென்பொருள்களை எழுதியவர்கள் காத்திருக்கவில்லை. விலக்கப்பட்ட வடிவத்தையே கோப்புப் பெயருக்கும் பயன்படுத்திவிட்டனர், பெறும் பக்கத்து மென்பொருள்களும் அதைப் படிக்கப் பழகிவிட்டன. இன்றும் இரண்டு வழக்குகளும் அருகருகே வாழ்கின்றன. தண்டர்பேர்டு போன்ற சில மென்பொருள்கள் எவருக்கும் குறை வராதிருக்க ஒரே பெயரை இரண்டு இடங்களில் எழுதுகின்றன; கோப்பின் வகையைச் சொல்லும் வரியில் பழைய வழக்கிலும், கோப்பை எவ்வாறு கையாள வேண்டும் என்பதைச் சொல்லும் வரியில் தர முறையிலும் அது இடம்பெறுகிறது.

குறியாக்கச் சொல்லுக்கு ஒரு நீள வரம்பும் உண்டு. அது 75 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் வரும் அடையாளங்களுக்கு 12 எழுத்துகள் போக எஞ்சும் 63இல் பேஸ்64 வடிவம் நான்கு நான்காகவே வளரும் என்பதால் 60 எழுத்துகளே பயன்படும்; அதாவது சரியாக 15 தமிழ்க் குறிகள். கீழக்குயில்குடி என்னும் பெயர் இந்த இடத்தை ஒரு குறிகூட மிஞ்சாமல் நிரப்பிவிடுகிறது. நீட்டிப்பின் 4 எழுத்துகளைச் சேர்த்தவுடன் மொத்தம் 80 ஆகி வரம்பு மீறப்படுவதால், பெயரை இரண்டு குறியாக்கச் சொற்களாகப் பிரித்தாக வேண்டும். அவற்றின் நடுவே வரும் இடைவெளியைப் பெறும் மென்பொருள் நீக்கிவிட வேண்டும் என்பது விதி. விதியை அறியாத மென்பொருள் அதை அப்படியே வைத்துக்கொண்டால், ஊர்ப்பெயருக்கும் நீட்டிப்புக்கும் இடையே தேவையற்ற வெற்றிடம் தோன்றும். பிரிக்கும் இடத்தைத் தவறாகக் கணக்கிட்டு ஒரு தமிழ்க் குறியின் 3 பைட்களுக்கு நடுவிலேயே வெட்டிவிடும் மென்பொருள்களும் உண்டு. அப்போது அந்தக் குறி இரு பக்கமும் உடைந்து, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் வினாக்குறியாகக் காட்சியளிக்கும்.

இத்தனை பிழைகளையும் ஒரு வடிகட்டி ஏன் குற்றமாகக் கருத வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை 2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாளில் பரவத் தொடங்கிய ஐ லவ் யூ என்னும் கணினிப் புழுவின் வரலாற்றில் இருக்கிறது. காதல் கடிதம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கி வந்த அந்த இணைப்பில் முதலில் டி.எக்ஸ்.டி. என்னும் எளிய உரைக்கோப்பின் நீட்டிப்பும், அதை அடுத்து வி.பி.எஸ். என்னும் நிரல் நீட்டிப்பும் இருந்தன. விண்டோஸ் இயங்குதளம் தனக்குத் தெரிந்த நீட்டிப்பைக் கண்ணுக்குக் காட்டாமல் மறைக்கும் வழக்கமுடையது என்பதால், படிப்பவருக்குத் தெரிந்தது வெறும் உரைக்கோப்பு. சொடுக்கியவுடன் நிரல் இயங்கி, முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை ஆனா கூர்னிகோவாவின் பெயரில் பரவிய புழுவும் ஒளிப்படத்தின் நீட்டிப்புக்குப் பின்னால் இதே வி.பி.எஸ். நீட்டிப்பை மறைத்து வந்தது. அதன் பின் வந்தவர்கள் பெயருக்கும் நீட்டிப்புக்கும் இடையே நீண்ட வெற்றிடத்தை இட்டு நீட்டிப்பைத் திரைக்கு வெளியே தள்ளினர். அரபு, எபிரேய மொழிகளுக்காக அமைந்த, எழுத்தோட்டத்தை வலமிருந்து இடமாகத் திருப்பும் கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறியைப் பெயருக்குள் நுழைத்து நீட்டிப்பை இடம் மாற்றிக் காட்டினர். மிக நீண்ட பெயர்களால் பழைய அஞ்சல் மென்பொருள்களின் நினைவகத்தை நிலைகுலையச் செய்தனர். ஒவ்வொரு தந்திரத்துக்கும் எதிராக ஒரு விதி பிறந்தது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான மெயில்ஸ்கேனர் என்னும் திறமூல வடிகட்டியின் விதிக் கோப்பில் 150 எழுத்துகளோ அதற்கு மேலோ நீளும் பெயருக்குத் தடை உண்டு, 10 வெற்றிடங்களுக்குத் தடை உண்டு, இரட்டை நீட்டிப்புக்கும் தடை உண்டு.

தமிழ்ப் பெயர் இந்த விதிகளின் குறுக்கே எவ்வாறு வந்து நிற்கிறது என்பது இப்போது விளங்கும். நன்கு எழுதப்பட்ட வடிகட்டி முதலில் பெயரைத் தமிழாக மீட்டெடுத்து, பின்னரே அளக்கும். அதன் கணக்கில் கீழக்குயில்குடி குறுகிய பெயர். மீட்டெடுக்காமல் விழுக்காட்டு வடிவத்தையே அளக்கும் வடிகட்டிக்கு அதே பெயர் நீட்டிப்போடு 139 எழுத்துகள். இன்னும் இரண்டு தமிழ்க் குறிகள் கூடினால் 157 ஆகி வரம்பைக் கடந்துவிடும். மூன்று சொற்கள் கொண்ட பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பழைய வழக்கில் எழுதப்பட்ட பெயருக்கு நேரும் இடர் இதைவிடக் கடுமையானது. விழுக்காட்டு முறையில் நீட்டிப்பின் ஆங்கில எழுத்துகள் மாறாமல் வெளியே தெரிகின்றன. பேஸ்64 முறையிலோ நீட்டிப்பும் சேர்ந்து மாற்றப்பட்டுப் பெயருக்குள் கரைந்துவிடுகிறது. அதை மீட்டெடுக்காமல் பார்ப்பவருக்குக் கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதே தெரியாது. தீங்கு செய்பவர்கள் இயங்கு நிரலின் நீட்டிப்பை மறைப்பதற்கு இதே வழியைக் கையாளக்கூடும் என்பதால், தரத்துக்கு மாறான குறியாக்கம் எதுவாயினும் அது தப்பிக்கும் முயற்சியாக இருக்கலாம் என்று வடிகட்டி கருதுகிறது. இரண்டு இடங்களில் எழுதப்பட்ட பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தாதபோதும் இதே ஐயம் எழுகிறது. வடிகட்டி ஓரிடத்தையும் பயனாளரின் மென்பொருள் மற்றோரிடத்தையும் படிக்குமாறு செய்து ஏமாற்றுவது நன்கு அறியப்பட்ட முறை. நேர்மையான அனுப்புநரின் மென்பொருள் ஓரிடத்தில் தமிழ் எழுத்துகளைச் சரியாகவும் மற்றோரிடத்தில் வெறும் வினாக்குறிகளாகவும் எழுதிவிட்டால், பொருந்தாமையை மட்டும் பார்க்கும் நிரலின் கண்ணில் அவரும் ஏமாற்றுக்காரரும் ஒன்றே.

பெயரைப் படிக்கவே இயலாமற்போகும்போது மென்பொருள்கள் தாமாகவே ஒரு பெயரைச் சூட்டுகின்றன. ஏ.டி.டி. என்னும் மூன்று எழுத்துகளோடு 00001 என்ற எண்ணைத் தாங்கிய பெயர் அவ்வாறு பிறந்ததே. அதன் நீட்டிப்பு பெரும்பாலும் எந்த வகையையும் குறிக்காத பொது நீட்டிப்பாக இருக்கும். 

இவ்விடத்தில் வடிகட்டி தீர்ப்பு வழங்கும் முறையையும் சொல்லியாக வேண்டும். 2001இல் வெளியாகி இன்றும் பல அஞ்சல் கணினிகளில் இயங்கும் ஸ்பேம்அசாசின் என்னும் திறமூல வடிகட்டி, அஞ்சலில் காணும் ஒவ்வொரு குறைக்கும் அதன் தன்மைக்கேற்பப் புள்ளிகள் வழங்கி, கூட்டுத்தொகை 5ஐ எட்டினால் அதைக் குப்பை என்று முத்திரையிடுகிறது. 5 என்பது மென்பொருளோடு வரும் இயல்பான அளவு, நிருவாகி மாற்றிக்கொள்ளலாம். ஆகவே தமிழ்ப் பெயர் ஒன்றினால் மட்டும் ஓர் அஞ்சல் வீழ்வது அரிது. உரையே இல்லாமல் இணைப்பை மட்டும் தாங்கிய அஞ்சல், வெறுமையான தலைப்பு, புதிய முகவரியிலிருந்து வரும் முதல் தொடர்பு என்று ஏற்கெனவே சில புள்ளிகள் சேர்ந்திருக்கும் நிலையில், தவறாகக் குறியாக்கம் செய்த பெயர் கடைசித் தள்ளலைக் கொடுத்துவிடுகிறது. இதனோடு, 2002இல் பால் கிரகாம் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலான நிகழ்தகவு முறையும் சேர்ந்து இயங்குகிறது. அம்முறையில் வடிகட்டி, நல்ல அஞ்சல்களிலும் குப்பை அஞ்சல்களிலும் எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் கற்றுக்கொள்கிறது. தமிழ் அஞ்சல்கள் அரிதாகவே வரும் ஓர் அலுவலகத்தின் வடிகட்டி, தமிழ்ச் சொற்களை நல்ல அஞ்சலோடு தொடர்புபடுத்தக் கற்கும் வாய்ப்பே பெறுவதில்லை. தமிழில் எழுதினால் அஞ்சல் போய்ச் சேராது என்ற அச்சத்தால் ஆங்கிலத்துக்கு மாறுபவர்கள், தம்மை அறியாமலே அந்த அறியாமையை நீடிக்கச் செய்கின்றனர்.

தமிழுக்கே உரிய சில நுட்பங்களும் இதில் உண்டு. முதலாவது புள்ளி வைத்து எழுதும் பழக்கம். தலைப்பெழுத்துகள், பட்டப்பெயர்கள், நாள் ஆகிய மூன்றையும் புள்ளியிட்டு எழுதுவது தமிழ்நாட்டு வழக்கம் என்பதால், சான்றிதழ்க் கோப்பு ஒன்றின் பெயரிலேயே நான்கைந்து புள்ளிகள் அமைந்துவிடுகின்றன. கணினியோ கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதை நீட்டிப்பாகக் கொள்கிறது. வணிகவியல் பட்டமான பி.காம். என்பதை ஆங்கிலத்தில் எழுதி, அதோடு பெயரை முடித்து, உண்மையான நீட்டிப்பு விடுபட்டுப்போனால், அந்தக் கோப்பு எம்.எஸ்.-டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தின் காலத்திலிருந்து இயங்கு நிரலுக்கு உரியதாக இருக்கும் காம் நீட்டிப்பைத் தாங்கியதாகிவிடும்; அத்தகைய கோப்புகளை ஜிமெயில் உள்ளிட்ட சேவைகள் ஏற்பதேயில்லை. உண்மையான நீட்டிப்பு பின்னால் வந்தாலும், காம் என்பதை அடுத்து இன்னொரு நீட்டிப்பு நிற்பது இரட்டை நீட்டிப்புத் தடையில் சிக்கக்கூடும். மெயில்ஸ்கேனரின் விதிகள் ஆங்கில மாதப் பெயர்களுக்கும் கிழமைப் பெயர்களுக்கும் இத்தடையிலிருந்து விலக்கு அளித்துள்ளன. தமது அலுவலக வழக்கத்தை அறிந்தவர்கள் அதற்கேற்ப விதியைத் திருத்திக்கொண்டதன் அடையாளம் அது. இந்திய வழக்கங்களை அறிந்தவர்களும் அதே திருத்தத்தைச் செய்துகொள்ளத் தடை ஏதுமில்லை.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் எழுத்துகள். ஒகர, ஓகார உயிர்மெய்களின் குறிகளை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் நிகரானவை என்று கூறி, ஒப்பிடுமுன் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்னும் செயலை வகுத்துள்ளது. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பிரித்த வடிவிலேயே பெயர்களைச் சேமித்தது. விண்டோஸ் தட்டச்சில் சேர்ந்த வடிவே பொதுவாக வரும். கோயில், தொல்லியல் போன்ற சொற்களைக் கொண்ட கோப்பு இவ்விரண்டு கணினிகளுக்கும் இடையே சென்று திரும்பினால், அஞ்சலின் ஓரிடத்தில் ஒரு வடிவும் மற்றோரிடத்தில் இன்னொரு வடிவும் இடம்பெற்று, முன்னர்க் கண்ட பொருந்தாமை உண்டாகலாம். சமணக் கல்வெட்டுகளின் பாடங்களில் அடிக்கடி வரும் ஸ்ரீ என்னும் எழுத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பு வேறொரு சகர எழுத்தைத் தமிழுக்குச் சேர்த்த பின், ஸ்ரீ என்பதைப் பழைய ஸகரத்தைக் கொண்டும் புதிய எழுத்தைக் கொண்டும் இரு வகையாக எழுத முடிகிறது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. பேச்சிப்பள்ளத்துக் கல்வெட்டின் ஒரே பாடத்தை இருவர் இரு விசைப்பலகைகளில் தட்டச்சு செய்து கோப்புக்குப் பெயரிட்டால், மனிதக் கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு.

மூன்றாவது, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களின் எச்சம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த பாமினி போன்ற எழுத்துருக்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் வழக்கில் உள்ளன. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பின்னும் பழைய ஆவணங்கள் அவ்வாறே இருக்கின்றன. அவற்றின் தலைப்பைப் படியெடுத்துக் கோப்புக்குப் பெயராக ஒட்டினால், எழுத்துருவின் துணை இல்லாத இடத்தில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் கோவையாகத் தெரியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி ஆங்கில அரைப்புள்ளியின் விசையில் அமைந்துள்ளது. மைம் தரத்திலோ அரைப்புள்ளி என்பது ஒரு விவரம் முடிந்து அடுத்த விவரம் தொடங்குவதைக் காட்டும் எல்லைக்கல். பெயரை மேற்கோள் குறிகளுக்குள் வைக்கத் தவறிய மென்பொருள் பாமினியில் எழுதிய கீழக்குயில்குடி என்பதை அனுப்பினால், முதல் மெய்யெழுத்திலேயே பெயர் முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படும். எஞ்சியது இன்னதென்று அறியாத விவரமாக மிதக்கும், நீட்டிப்பும் அதோடு போய்விடும்.

நீட்டிப்பு தொலைவதற்கு இன்னொரு வழியும் உண்டு. லினக்ஸ் கணினிகளில் கோப்புப் பெயரின் உச்ச அளவு 255 பைட்கள். ஆங்கிலத்தில் அது 255 எழுத்துகள். தமிழில் 85 குறிகள், அதாவது ஏறத்தாழ 45 எழுத்துகள். விண்டோஸில் 255 குறிகள் வரை இடமுண்டு என்பதால், அங்கே செல்லுபடியாகும் நீண்ட தமிழ்ப் பெயர் லினக்ஸில் இயங்கும் அஞ்சல் கணினியில் கடைசிப் பகுதி வெட்டப்பட்டு நிற்கலாம். வெட்டப்படுவது பெரும்பாலும் வால். வாலில் இருப்பது நீட்டிப்பு.

இடைவழியில் பெயரைத் திருத்த முயல்வதும் ஆபத்தானது. அனுப்பும் நிறுவனம் அஞ்சலில் இடும் டீகிம் என்னும் மின் ஒப்பம், உடற்பகுதியின் ஒவ்வொரு எழுத்தையும் உள்ளடக்கிக் கணக்கிடப்படுகிறது. இணைப்பின் பெயரைச் சொல்லும் வரிகள் தலைப்பகுதியில் இல்லாமல் உடற்பகுதிக்குள்ளேயே இருப்பதால் அவையும் அந்த ஒப்பத்துக்குள் அடங்கும். நடுவில் உள்ள வைரஸ் தடுப்புக் கருவி நல்லெண்ணத்தோடு பெயரைச் செம்மைப்படுத்தி எழுதிவிட்டால் ஒப்பம் பொருந்தாது. நாளொன்றுக்கு 5000க்கும் மேற்பட்ட அஞ்சல்களை அனுப்புவோர் இத்தகைய ஒப்பத்தை இட்டே ஆக வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் வலியுறுத்தும் நிலையில், ஒப்பம் முறிவது சிறிய குறையன்று.

இத்தனைக்கும் தீர்வாக, கோப்புகளுக்கு ஆங்கிலத்திலேயே பெயரிடுங்கள் என்னும் அறிவுரை எங்கும் வழங்கப்படுகிறது. நாளை காலைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய ஒருவருக்கு அது பயனுள்ள உடனடி வழிதான். தமிழிலேயே பெயரிட விரும்புபவர் பெயரை நீட்டிப்பு நீங்கலாக 13 குறிகளுக்குள் நிறுத்தி, நடுவில் புள்ளிகளைத் தவிர்த்து, அஞ்சலில் இரண்டு வரி விளக்கமும் எழுதினால் இடர் பெரிதும் குறையும். ஆயினும் அறிவுரை அங்கே முடிந்துவிடுவது நேர்மையாகாது. தமிழ்ப் பெயரைப் பிழையின்றி எழுதும் முறை 1997 முதல் தரமாக உள்ளது. அதைப் பின்பற்றாதது அனுப்பும் மென்பொருளின் குறை. மீட்டெடுக்காமல் அளப்பது வடிகட்டியின் குறை. இரண்டு இயந்திரங்களின் குறையைத் தன் மொழியைக் கைவிட்டு ஈடுசெய்ய வேண்டிய கடமை கீழக்குயில்குடி மாணவருக்கு இல்லை.

வேடமே இல்லாமல் பயணிக்கும் வழியும் இப்போது திறந்திருக்கிறது. எஸ்.எம்.டி.பி.-யூ.டி.எஃப்.8 எனப்படும் 2012ஆம் ஆண்டுத் தரம், முகவரி, தலைப்பு, கோப்புப் பெயர் ஆகிய அனைத்தையும் யூ.டி.எஃப்.-8 வடிவில் நேரடியாக எழுத இடமளிக்கிறது. அதில் ஊர்ப்பெயர் நீட்டிப்போடு சேர்த்து 49 பைட்கள், பிரிப்பும் இல்லை, மாற்றமும் இல்லை. ஜிமெயில் 2014இல் இதை ஏற்றது. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் திறமூல அஞ்சல் மென்பொருள் 2015இல் வெளியான 3.0 பதிப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அனுப்பும் கணினி முதல் பெறும் கணினி வரை வழியிலுள்ள ஒவ்வொன்றும் இத்தரத்தை அறிந்திருக்க வேண்டும். ஒன்று அறியாவிட்டாலும், அஞ்சல் வேறு வடிவத்துக்கு மாற்றப்படாமல் அனுப்புநருக்கே திரும்பிவிடும். ஆகவே பழைய முறைகள் இன்னும் நெடுங்காலம் உடனிருக்கப் போகின்றன; அவற்றைச் சோதிப்பதற்கான பெயர்த் தொகுதிகளில் தமிழ் இடம்பெற வேண்டிய தேவையும் அதுவரை நீடிக்கும். திறமூல மென்பொருள்கள் பலவற்றின் சோதனைக் கோப்புகளில் எவரும் புதிய சான்றுகளைச் சேர்க்க முன்மொழியலாம். 75 எழுத்து வரம்பைத் தனியே நிற்கையில் இம்மியும் மீறாமல், நீட்டிப்பு சேர்ந்தவுடன் மீறிவிடும் கீழக்குயில்குடி என்னும் பெயர் அத்தகைய சோதனைக்கென்றே அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. பிரிக்கும் இடத்தில் பிழை செய்யும் மென்பொருள் எதுவாயினும், நீட்டிப்பின் முன்னுள்ள புள்ளியில் அது பிடிபட்டுவிடும்.